தாலி முடிச்சுக்குப் பின்னால் வைத்த கேமரா

எங்கள் படூர் அடுக்ககத்தில் ஐந்தாவது மாடிக்காரர் ஒருவர் இருக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, மிச்ச இரண்டு நாள் கல்யாண வீடியோ. நானும் கல்யாண வீடியோவில் தலை நரைத்தவன் என்பதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். லிஃப்டில் மடக்கி, கல்யாணத்துக்கு எந்தக் கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்று கேட்கிறார். ஐந்தாவது மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதிலா அது? மண்டபத்துக்குப் போய்த் தூண் எங்கே இருக்கிறது, கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள், லென்ஸைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றேன். கிழவன் கிண்டல் பண்ணுகிறான் என்று சிரித்துவிட்டுப் போனார். நான் நிஜமாகத்தான் சொன்னேன். விவரமாக எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் லிஃப்டில் வேறு யாரையாவது பிடித்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த கதையில் சுவாரசியம் ஒன்றும் கிடையாது. பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது. செங்கல்பட்டில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் கொஞ்ச காலம் ஈயம் உருக்கினேன். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. முதல் சில வருஷம் ஒயர் சுற்றினேன், பேட்டரிக்கு சார்ஜ் போட்டேன், கடைசிப் பந்தியில் வடை தீர்ந்த பிறகு சாப்பிட்டேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

முதலாளி ஏகாம்பரம் அண்ணன். எந்த வெயிலிலும் சஃபாரி சூட்தான். கல்யாணப் பார்ட்டி கடைக்குள் வந்து உட்கார்ந்ததும் அவர் கண் வாசலுக்குப் போகும். வந்தவர்கள் கழற்றிவிட்ட செருப்பைப் பார்ப்பார். அதை வைத்தே எந்தக் கேமரா, எத்தனை லைட், ஆல்பத்துக்கு வெல்வெட் அட்டையா சாதா அட்டையா என்று முடிவு கட்டிவிடுவார். கல்பாக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப் குடும்பங்கள் மட்டும் அவருக்குப் பேஜாரு. அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி செருப்பு போட்டுக்கொண்டு வந்து, கேமராவின் உள்ளே எத்தனை சிப், லென்ஸின் விட்டம் என்ன என்று கேள்வி கேட்பார்கள். அண்ணன் அசரவே மாட்டார். "சார், நீங்களே கையில வாங்கிப் பாருங்க" என்று கேமராவைக் கொடுத்துவிடுவார். கையில் வாங்கியவர் கீழே போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் கேள்வியை மறந்துவிடுவார்.

அப்போது எங்களிடம் இருந்தது தோளில் தூக்கி வைக்கும் பெரிய கேமரா. முழு வீடியோ கேசட் அப்படியே அதன் வயிற்றுக்குள் போகும். ஒரு ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்பது போல இருக்கும். கூடவே ஹாலஜன் லைட். அதைப் பிடிப்பவருக்கு எங்கள் தொழிலில் லைட் பாய் என்று பெயர். எங்கள் லைட் பாய் முனுசாமிக்கு அப்போதே பேரன் இருந்தான். அவர் லைட்டைத் திருப்பினால் கல்யாணப் பெண்ணின் பவுடர் உருகி ஓடும், புரோகிதர் மந்திரத்தை விழுங்கிவிட்டு விசிறி கேட்பார். ஆனால் ஜனங்களுக்கு அந்தச் சூடு பிடித்திருந்தது. வெளிச்சம் முகத்தில் விழுந்தால்தான் கல்யாணத்துக்கு வந்ததற்கு ஒரு மரியாதை.

லென்ஸ் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தது திருக்கழுக்குன்றத்தில் ஒரு அத்தை. மண்டபம் ரயில் பெட்டி மாதிரி ஒடுக்கமாக இருந்தது. பின்னால் நகர இடம் இல்லாததால், முன்னால் திருகி மாட்டும் வைட் லென்ஸைப் போட்டு மொத்தக் குடும்பத்தையும் அடக்கிவிட்டேன். அந்த லென்ஸ் நடுவில் நிற்பவரை ஒன்றும் செய்யாது. ஓரத்தில் நிற்பவரைப் பிடித்து இழுத்துப் பரப்பிவிடும். ஓரத்தில் நின்றவர் மாப்பிள்ளையின் அத்தை. இயற்கையிலேயே தாராளமான உடம்பு. கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். அண்ணன் எழுந்து நின்று கும்பிட்டு, இந்த லென்ஸ் ஃபாரின் சரக்கு, ஆளைக் கொஞ்சம் செழிப்பாகக் காட்டும் என்றார். அத்தை போன பிறகு என்னிடம் திரும்பி, இனிமேல் ஒல்லியானவர்களை ஓரத்தில் நிறுத்து என்றார். நான் ஓய்வு பெறும் வரை அந்த விதியை மீறவில்லை.

டெலி லென்ஸ் கதை வேறு. கல்யாணம் முடிந்த ஜோடியை மாமல்லபுரம் கூட்டிப்போய் பாறை மேல் சாய்த்து வைத்து எடுப்பது அப்போது ஒரு வழக்கம். கிட்டே போய் நின்றால் மாப்பிள்ளைக்குக் கை கால் எங்கே வைப்பது என்று தெரியாது. அதனால் தூரமாகப் போய் நின்று, தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸில் இழுப்பேன். அப்படி இழுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கிட்டக் கிட்ட வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கேயோ கட்டியிருந்த ஐஸ்காரர் குடை ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் தலையிலேயே முளைத்துவிட்டது. பெண் வீட்டார் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தார்களாம்.

இரண்டாயிரம் பிறந்ததும் கையளவு டிஜிட்டல் கேமரா வந்தது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது, வெளிச்சமும் அவ்வளவு வேண்டியதில்லை. அண்ணன் கடன் வாங்கி ஒன்று வாங்கினார். வாங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. முதல் கல்யாணத்திலேயே பெண்ணின் தாய்மாமன் என் கையைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, சோப்பு டப்பா மாரி கீது? எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு இதான் கெடச்சுதா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். பழைய பெரிய கேமராவோ அதற்குள் பழுதாகி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. முனுசாமி அதன் நெற்றியில் ஒரு சிவப்பு பல்பை வைத்து, உள்ளே டார்ச் பேட்டரியைச் சொருகினார். அன்று முதல் எங்கள் தொழில்முறை இப்படி ஆனது: அண்ணன் சஃபாரி சூட்டோடு செத்த கேமராவைத் தோளில் ஏற்றி, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மண்டபத்தின் நடுவில் நிற்பார். ஜனங்கள் அதற்கு முன்னால் புடவையைச் சரி செய்து, பல்லைக் காட்டி, குழந்தைகளைத் தூக்கிப் பிடிப்பார்கள். நான் பக்கவாட்டில் சோப்பு டப்பாவை வைத்துக்கொண்டு நிஜமான கல்யாணத்தை எடுத்துக்கொண்டிருப்பேன். இதில் எனக்கு வெட்கம் துளியும் கிடையாது. பாத்திரக் கடைக்காரர் பித்தளைக்கு மெருகு போடவில்லையா?

இந்த ஏற்பாடு ஜோராக ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் தேன்மொழி வந்தார்.

நாவலூரில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்த்த பெண். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் கல்யாணத்தை எடுத்துச் செய்வார்கள் என்பதால், வீடியோவுக்குச் சொல்லி வைத்தது மாப்பிள்ளையின் அம்மா பூங்காவனத்தம்மா. விவசாயக் குடும்பம், லாரி தொழிலில் கால் ஊன்றியவர்கள். அந்த அம்மா பேசினால் டிரைவர்கள் பீடியை அணைப்பார்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அவருக்குத் தெரியாமல் மணப்பெண் மட்டும் தனியாக ஸ்டுடியோவுக்கு வந்தார். வாசலில் விட்ட செருப்பைப் பார்த்து அண்ணனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். தேன்மொழி பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவருடைய அப்பா இறந்துபோனார். அம்மா விஜயா, கருணை அடிப்படையில் கிடைத்த மின்வாரிய வேலையை வைத்துக்கொண்டு மகளைப் படிக்க வைத்தார். இப்போது கல்யாணத்தில் சித்தப்பாவும் சித்தியும்தான் மணையில் உட்கார்ந்து தாரை வார்க்கப் போகிறார்கள். அம்மா மேடை ஏறக் கூடாதாம். முகூர்த்த நேரத்தில் எதிரிலும் நிற்கக் கூடாதாம். அந்த அம்மா ஆபீசில் கையெழுத்துப் போட்டால் தெருத்தெருவாக விளக்கு எரியும், அவர் மேடை ஏறினால் மட்டும் குடும்ப விளக்கு அணைந்துவிடும் என்று எந்த இன்ஜினியர் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. தேன்மொழி சண்டை போட்டுப் பார்த்திருக்கிறார். மாமியாரைவிடச் சொந்த அம்மாதான் அதிகம் பிடிவாதம் பிடித்தாராம். உனக்கு ஏதாவது ஆனால் ஊர் என்னைத்தான் சொல்லும், நான் ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டார்.

"தாலி ஏறும்போது எங்கம்மாவும் அதே படத்துல இருக்கணும் சார்" என்றார் தேன்மொழி. "அப்புறமா தனியா எடுத்து ஒட்டறது வேணாம். அந்த நிமிஷத்துல ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தோம்னு நான் பாக்கணும்."

அண்ணன் வழக்கமாக எல்லாவற்றுக்கும் உடனே தலையாட்டிவிடுவார். அன்றைக்கு வெகு நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பணம் கொடுப்பது பூங்காவனத்தம்மா. அவர் மனது வைத்தால் அந்தச் சுற்று வட்டாரத்து லாரிக்காரர் வீட்டுக் கல்யாணம் அத்தனையும் எங்களுக்கு வரும், முகம் சுளித்தால் ஒன்றும் வராது. பெண் போன பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டு, மண்டபத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

போய்ப் பார்த்தேன். மேடையில் இருந்து பார்த்தால் வலது கைப் பக்கம், கூடத்தின் கடைசியில், சாப்பாட்டு அறைக்குப் போகும் கதவு. அம்மா அங்கேதான் நிற்பார் என்று தேன்மொழி சொல்லியிருந்தார். முன்பக்கம் இருந்து மேடையை எடுத்தால் அம்மா என் முதுகுக்குப் பின்னால் இருப்பார். மேடையில் ஏறி, ஜோடிக்குப் பின்னால் நின்று கூடத்தைப் பார்த்து எடுத்தால்தான் இருவரும் ஒரே படத்தில் வருவார்கள். அங்கே நின்று வைட் லென்ஸ் போட்டால் அம்மா கடுகளவு தெரிவார். மாமல்லபுரத்து வித்தைதான் சரி. நன்றாகப் பின்னால் போய், டெலியில் இழுத்து, பெண்ணின் கழுத்தையும் அம்மாவின் முகத்தையும் கிட்டக் கொண்டுவர வேண்டும். மேடைக்குப் பின்னால் போக இடம்? ஜோடனைத் துணிக்குப் பின்னால் மணமகள் அறை இருந்தது. அதன் கதவைத் திறந்துவைத்து, துணியில் ஒரு இடைவெளி விட்டு, அறையின் கோடியில் ஸ்டாண்டைப் போட்டால் கணக்கு சரியாக வந்தது.

கெடுதல் என்னவென்றால், எங்களிடம் உயிரோடு இருந்தது ஒரே ஒரு கேமரா. அதைப் பின்னால் வைத்தால் முன்னால் இருந்து தாலி கட்டுவதை எடுக்க ஆளில்லை. போட்டோக்காரர் ஸ்டில் எடுப்பார், அவ்வளவுதான். என் லென்ஸுக்குக் குறுக்கே ஒருத்தர் நகர்ந்து நின்றால் போதும், அந்தக் கல்யாணத்தில் தாலி கட்டியதற்கு வீடியோவே இருக்காது. கட்டுங்கள் இன்னொரு தடவை என்று கேட்க முடியுமா?

அண்ணன் பூங்காவனத்தம்மாவிடம் போனதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மூன்று முடிச்சில் நாத்தனார் போடும் முடிச்சு இருக்கிறதே, அது பெண்ணின் பிடரியில் அல்லவா விழுகிறது, ஊரில் எல்லா வீடியோக்காரனும் முன்னால் நின்று அதைக் கோட்டை விடுகிறான், உங்கள் மகள் போடுகிற முடிச்சு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்பெஷலாகப் பின்னால் இருந்து எடுக்கப்போகிறோம் என்றார். அந்த அம்மா மகிழ்ந்துபோனார். நாத்தனாருக்குப் புதுப் பின்னல், புது வளையல் எல்லாம் வந்தன.

முகூர்த்தம் காலை ஏழரைக்குள். நான் விடியும் முன்பே மணமகள் அறையில் டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே புகுந்துகொண்டேன். டெலியில் அவ்வளவு தூரம் இழுத்தால் ஃபோகஸ் தலைமுடி அளவு தவறினாலும் எல்லாம் மங்கிவிடும். வெளிச்சம் கூடினால்தான் கழுத்தும் முகமும் ஒருசேரத் தெளியும். அதனால் முனுசாமி கூடத்துக் கோடியில் நாற்காலி மேல் ஏறி, வலது பக்கச் சுவரில் வெளிச்சத்தை அடித்தார். விஜயா அம்மா சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றார். வெங்காயச் சருகு நிறத்தில் பட்டுப்புடவை. அட்சதைத் தட்டு கூடம் முழுக்கச் சுற்றிவிட்டு அவர் நின்ற கதவுக்கு நாலு வரிசை முன்னாலேயே திரும்பிவிட்டதை நான் வ்யூஃபைண்டரில் பார்த்தேன்.

கெட்டிமேளம் என்றதும் கூடம் முழுக்க எழுந்து நின்றது. எழுந்திருக்காமல் என்ன செய்வார்கள்? எனக்கு முன்னால் தலைகள், கைகள், தூக்கிய குழந்தைகள். அம்மா காணாமல் போய்விட்டார். அந்தப் பெண்ணின் முகம் ஒரு பக்கம், பூங்காவனத்தம்மாவின் முகம் ஒரு பக்கம் என் மனசுக்குள் வந்து நின்றன.

இதை அண்ணன் எதிர்பார்த்திருந்தார். நடுவில் நின்றவர் செத்த கேமராவைத் தோளில் ஏற்றி, சிவப்பு விளக்கு எரிய, மெதுவாக இடது பக்கம் நகர்ந்தார். கூட்டத்தில் யாரும் நகரச் சொல்லவில்லை. சிவப்புப் புள்ளி போகும் பக்கம் எல்லோரும் அவரவரே சாய்ந்தார்கள். தான் படத்தில் விழ வேண்டுமே! மேடையைப் பார்த்துக்கொண்டே அவர்கள் எனக்கு இடது பக்கம் ஒதுங்க, வலது பக்கம் ஒரு சந்து திறந்தது. சந்தின் கோடியில், முனுசாமியின் வெளிச்சத்தில், விஜயா அம்மா.

படத்தின் கீழ்ப்பாதியில் தேன்மொழியின் பிடரி, மஞ்சள் கயிறு, மாப்பிள்ளையின் விரல்கள், பிறகு நாத்தனாரின் புது வளையல். மேல்பாதியில் அம்மாவின் முகம். அவரை யாரும் பார்க்கவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மூடியிருந்த வலது கையை உயர்த்தி வீசினார். எங்கே எடுத்து வைத்திருந்தாரோ, அட்சதை. அது காலி நாற்காலிகளின் மேல் விழுந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் போய்விட்டார். பந்தி போட வேண்டுமே. நான் அழுதேன். டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, அடுத்த ஷாட்டுக்கு வைட் லென்ஸைத் துடைத்தேன்.

சிடியை நாங்களே கொண்டுபோய் வீட்டில் போட்டுக் காட்ட வேண்டும், அது அப்போதைய முறை. பூங்காவனத்தம்மா நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் உறவு ஜனம். முடிச்சு வந்ததும் நாத்தனாரைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த நொடி பூங்காவனத்தம்மா நிறுத்தச் சொன்னார். பின்னால் ஓட்டச் சொன்னார். கை உயர்வதையும் அட்சதை விழுவதையும் மறுபடி பார்த்தார். அண்ணன் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தார், முகத்தில் தெரிந்தது.

"உங்கம்மா தான அது?" என்று மருமகளைக் கேட்டார். "இன்னாத்துக்கு அம்மாந்தூரத்துல வெச்சி புடிச்சிகீறான்? கிட்டக்க புடிக்க மாட்டானா?"

தேன்மொழி சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"கேமரா கிட்டக்கதான் போச்சு அத்தை. அங்க நிக்க வெச்சது நாம."

நிறுத்தி வைத்த டிவியில் விஜயா அம்மா கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். பூங்காவனத்தம்மா எழுந்து, எங்களிடம் காபி குடித்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். லாரிக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நாங்கள் பஸ் ஏறினோம்.

அடுத்த வருஷம் வளைகாப்புக்கு அதே வீட்டில் இருந்து ஆள் வந்தது. அண்ணன் பெரிய கேமராவைத் தூசி தட்டினார். வந்த ஆள், பூங்காவனத்தம்மா அந்த அவிஞ்ச கேமராவைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னதாகச் சொன்னான். லாரி எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்று சத்தத்தில் கண்டுபிடிக்கிற அம்மாவுக்கு, சத்தமே இல்லாத கேமராவைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வளைகாப்பு வீட்டுக் கூடத்தில் நடந்தது. தேன்மொழியை நாற்காலியில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசியிருந்தார்கள். நான் எதிரில், கிட்டத்தில் நின்றேன். விஜயா அம்மா வழக்கம்போலக் கதவோரம் நின்றிருந்தார். பூங்காவனத்தம்மா வளையல் தட்டைக் கையில் எடுத்தார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

"சம்மந்தி, இன்னா அங்கியே நின்னுகினு கீறீங்க? வந்து பொண்ணுக்கு மொத வளையல போடுங்க" என்றார்.

கூடத்தில் ஒரு கிசுகிசுப்பு எழுந்தது. பூங்காவனத்தம்மா திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. விஜயா அம்மா வந்தார். வந்தவர் நேராக என் லென்ஸுக்கு முன்னால் நின்றுவிட்டார். மகளும் தெரியவில்லை, வளையலும் தெரியவில்லை. பச்சை ரவிக்கை போட்ட ஒரு முதுகு மட்டும் படம் முழுக்க அடைத்துக்கொண்டது. ஒரு அடி பக்கவாட்டில் வைத்திருந்தால் முகம் கிடைத்திருக்கும். வைட் லென்ஸும் பையில்தான் இருந்தது. நான் நகரவில்லை. அவரும் நகரவில்லை. ஒரு கைக்குப் போட்டு, அடுத்த கைக்குப் போட்டு, மகளின் தலையில் கை வைத்து, ஏதோ பேசி, மூக்கை உறிஞ்சி, அப்படியே நின்றார்.

ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்த அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாடா சேகரு இது, நல்ல நாளும் அதுவுமா வெறும் முதுகா புடிச்சி வெச்சிகீற? ஒரு அடி நவுந்திருக்கக் கூடாதா?"

"அவங்களுக்கு எவ்ளோ நேரம் நிக்கணுமோ நிக்கட்டும்னு வுட்டுட்டேண்ணே" என்றேன்.

அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த முதுகை முடிகிற வரைக்கும் பார்த்தார். ஒரு இடத்திலும் வெட்டச் சொல்லவில்லை.